எழுதாதது செய்யாததே

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் தாதியர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



விடியுமுன் எழுந்து, பால்மரம் சீவி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்து, வீட்டு வேலைகளையும் முடித்துவிட்டு, ஓய்வாக இருக்க வேண்டிய மாலை வேளையில் எங்கள் பேச்சைக் கேட்க வந்திருக்கிறீர்கள். அந்த வேளையின் அருமையை நாங்கள் அறிவோம். ஆகவே பலவற்றைத் தொட்டுப் பேசாமல், ஒரே ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். மருத்துவமனையில் தாதியர் எதை எழுதுகிறார்கள், ஏன் எழுதுகிறார்கள், அந்த எழுத்தில் உங்கள் பங்கு என்ன என்பதே அது.

"மிஸ்ஸிமார் நோயாளியைப் பார்ப்பதைவிட எழுதிக்கொண்டிருப்பதுதான் அதிகம்" என்று உங்களுள் சிலர் குறைபட்டுக்கொள்வது எங்கள் காதிலும் விழுந்திருக்கிறது. வலியோடு படுத்திருப்பவருக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. அவருக்கு வேண்டியது ஒரு கை. எங்கள் கையிலோ பேனா இருக்கிறது. ஆனால் அந்தப் பேனாவும் அவருக்காகவே ஓடுகிறது என்பதை இன்று விளக்க விரும்புகிறோம்.

பால் நிறுக்கும் இடம்

இதை விளங்கிக்கொள்ள நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. உங்கள் தோட்டத்துப் பால் நிறுக்கும் இடமே போதும். காலையில் பிரட்டுக்கு நின்றவுடன் உங்கள் பெயர் செக்ரோலில் ஏறுகிறது. பால் எடுத்து வந்தபின் எத்தனை கிலோ என்று நிறுக்கிறார்கள், அதில் ரப்பர் எவ்வளவு என்று பார்க்கிறார்கள், இரண்டையும் எழுதுகிறார்கள். நிறுத்த பாலைத் தொட்டியில் ஊற்றிவிட்டால், எது உங்கள் பால், எது அடுத்தவர் பால் என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் காலை உழைப்புக்குச் சான்றாக எஞ்சுவது ஏட்டிலுள்ள அந்த ஓர் எண் மட்டுமே. அதனால்தான் அனுபவமுள்ள தொழிலாளி, கிராணி எழுதி முடிக்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார். எழுத்தில் ஏறாத பாலுக்குக் கூலி இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

தாதியர் பயிற்சியில் எங்களுக்கு முதன்முதலாகச் சொல்லிக்கொடுக்கப்படும் பாடமும் இதுவே: எழுதாதது செய்யாததே. ஊசி போட்டது உண்மையாக இருக்கலாம். அதை எழுதாவிட்டால், அடுத்து வரும் தாதிக்கு அது போடாத ஊசிதான். அவர் இன்னொரு முறை போட்டுவிடக்கூடும். அதுபோலவே, செய்வதற்கு முன்பே எழுதிவைப்பதும் பெருந்தவறு. மாத்திரையைக் கொடுத்துவிட்டதாக எழுதிய பிறகு வேறு வேலைக்கு அழைக்கப்பட்டுப் போய்விட்டால், அந்த வேளை மருந்து நோயாளிக்குக் கிடைக்காமலே போகும். செய்த உடனே எழுதுவது, செய்ததை மட்டுமே எழுதுவது, நேரம் போட்டு எழுதுவது, கையொப்பமிடுவது ஆகிய நான்கும் எங்கள் தொழிலின் ஒழுக்கம்.

பால் கணக்குத் தவறினால் ஒரு நாள் கூலி போகும். அதைக் கேட்டு வாங்கவும் வழியுண்டு. நோயாளியின் ஏட்டில் தவறு நேர்ந்தால் போவது உயிராகவும் இருக்கலாம்.

நாங்கள் எழுதுவது என்ன?

நோயாளி வந்தவுடன் பெயர், அடையாள அட்டை எண், வந்த நேரம் ஆகியவை எழுதப்படுகின்றன. அடுத்து உடலின் உயிர்க்குறிகள்: உடற்சூடு, நாடித்துடிப்பு, மூச்சின் எண்ணிக்கை, இரத்த அழுத்தம். இவற்றை ஒருமுறை எழுதிவிட்டு நாங்கள் நிறுத்துவதில்லை. மணிக்கணக்கு வைத்து, புள்ளி புள்ளியாகக் கட்டம் போட்ட தாளில் குறிக்கிறோம். புள்ளிகளைக் கோடாக இணைத்தால் நோய் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிக் என்பவர் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் உடற்சூட்டைத் தொடர்ந்து குறித்துவைத்து, 1868-ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். ஒவ்வொரு காய்ச்சலும் தனக்கென ஒரு கோட்டை வரைகிறது என்பதை அந்நூல் உலகுக்குக் காட்டியது. ஒரு வேளை பார்த்த சூடு ஓர் எண் மட்டுமே. பத்து வேளை பார்த்து எழுதிய சூடு, நோய் போகும் வழியையே காட்டுகிறது.

நம் நாட்டின் சுகாதார அமைச்சு 2008-ஆம் ஆண்டில் வலியையும் ஐந்தாவது உயிர்க்குறியாகச் சேர்த்தது. "வலி எவ்வளவு? பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள்" என்று தாதியர் கேட்பது இதற்காகவே. தோட்டப்புறத்து மக்களிடம் இக்கேள்வியைக் கேட்கும்போது நாங்கள் ஒன்றைக் கவனித்திருக்கிறோம். எத்தனையோ வலிகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிப் பழகியவர்கள் நீங்கள். எட்டு என்று சொல்ல வேண்டிய இடத்தில் "பரவாயில்லை, மிஸ்ஸி, மூன்று என்று போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறீர்கள். மூன்று என்று எழுதினால் மூன்றுக்குரிய கவனிப்புத்தான் கிடைக்கும். வயிற்று வலி மூன்றிலிருந்து எட்டுக்கு ஏறியது என்பது மருத்துவருக்கு முக்கியமான அறிகுறி. அது ஏட்டில் இல்லையென்றால் அவர் வேறு முடிவுக்கு வந்துவிடக்கூடும். வலியை மறைப்பதில் வீரம் ஒன்றுமில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

சில வேளைகளில் தாளோடு உடம்பிலும் எழுதுகிறோம். பாம்பு கடித்து வந்தவரின் காலில், வீக்கம் எட்டியிருக்கும் எல்லையைப் பேனாவால் கோடிட்டு, பக்கத்தில் நேரத்தையும் குறிப்போம். அடுத்த முறை பார்க்கும்போது வீக்கம் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால், நஞ்சு எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பது தெரிந்துவிடும். "காலில் ஏன் கிறுக்குகிறார்கள்?" என்று எண்ணி அதைத் துடைத்துவிடாதீர்கள்.

டெங்கிக் காய்ச்சலில் எங்கள் முதற்கேள்வி, காய்ச்சல் எந்த நாளில் தொடங்கியது என்பதே. காரணம் உண்டு. டெங்கியில் சில நாள் காய்ந்து பிறகு சூடு தணியும் நேரமே பலருக்கு ஆபத்தான நேரம். காய்ச்சல் விட்டது என்று வீட்டார் மகிழ்ந்திருக்கும்போது, உடலுக்குள் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கலாம். ஆகவே நாளை எண்ணுகிறோம். குடித்த நீரையும் கழித்த சிறுநீரையும் அளந்து எழுதுகிறோம். இரத்தச் சோதனையின் எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாகக் குறிக்கிறோம். "சிறுநீரைக்கூடவா அளப்பார்கள்?" என்று கூச்சப்பட்டுச் சிலர் சொல்லாமலே கொட்டிவிடுகிறார்கள். அன்பு கூர்ந்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த அளவும் ஏட்டில் இருக்க வேண்டியதே.

காலியாக இருந்த ஒரு கட்டம்

இனி, சொல்வதற்கு எங்களுக்கே வருத்தமளிக்கும் ஒரு நிகழ்ச்சி. எங்களுள் ஒருவர் இளந்தாதியாகப் பணியாற்றிய காலத்தில் நடந்தது இது.

பால்மரக் கத்தி காலில் பட்டு, காயம் சீழ்ப்பிடித்த நிலையில் ஒரு தொழிலாளி வார்டில் சேர்க்கப்பட்டார். மாலையில் அவரைப் பார்க்க வந்த மனைவி, தாதியிடம் ஒரு செய்தி சொன்னார். முன்பொரு முறை பென்சிலின் ஊசி போட்டபோது கணவரின் உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறியது என்பதே அச்செய்தி. தாதி கவனமாகக் கேட்டார். "சரி அம்மா, குறித்துக்கொள்கிறேன்" என்றும் சொன்னார். அந்த நேரத்தில் அவர் ஒரு கிழவருக்குக் குளுக்கோஸ் புட்டி மாற்றிக்கொண்டிருந்தார். மறுபக்கம் ஒரு சிறுவன் வாந்தியெடுத்தான். பணிமாறும் நேரமும் வந்துவிட்டது. பிறகு எழுதலாம் என்று எண்ணியது மறந்துபோயிற்று. வேலை முடிந்து அவர் பேருந்தேறி வீட்டுக்குப் போய்விட்டார்.

இரவில் காய்ச்சல் ஏறவே, மருத்துவர் பென்சிலின் வகை ஊசியை எழுதிக் கொடுத்தார். இரவுத் தாதி ஏட்டைப் புரட்டினார். ஒவ்வாமை என்ற கட்டம் காலியாக இருந்தது. அரைத் தூக்கத்தில் இருந்த நோயாளியை எழுப்பிக் கேட்காமல் ஊசியைப் போட்டார். சில நிமிடங்களில் அந்தத் தொழிலாளியின் முகம் வீங்கியது, மூச்சு அடைத்தது, இரத்த அழுத்தம் விழுந்தது. மருத்துவர் ஓடி வந்து அட்ரினலின் ஊசி போட்டு, பிராணவாயு கொடுத்து, விடியும்வரை பக்கத்திலேயே இருந்து காப்பாற்றினார்.

அவர் பிழைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் மனைவி வந்தார். பணிக்குத் திரும்பியிருந்த அந்த இளந்தாதியைப் பார்த்து, "நான் உங்களிடம்தானே சொன்னேன், மிஸ்ஸி?" என்று கேட்டார். கோபத்தோடு கேட்கவில்லை. உண்மையிலேயே விளங்காமல் கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்கள் தோழியால் மறுமொழி சொல்ல முடியவில்லை. நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற பின்னரும் அதை அவர் மறக்கவில்லை. புதிதாகப் பணிக்கு வந்த எங்கள் ஒவ்வொருவருக்கும் அதை அவரே சொல்லியிருக்கிறார்.

இந்நிகழ்ச்சியில் தீய எண்ணம் கொண்டவர் எவருமில்லை. சொல்ல வேண்டியவர் சொன்னார். கேட்க வேண்டியவர் கேட்டார். ஆனால் ஒருவர் நினைவில் இருந்தது அவரோடு பேருந்தேறிப் போய்விட்டது. தாதியரின் பணி நாள்தோறும் மூன்று முறை கைமாறுகிறது. காலையில் உங்களைக் கண்டவர் மாலையில் இருப்பதில்லை. மாலையில் இருந்தவர் இரவில் இருப்பதில்லை. இருபத்து நான்கு மணி நேரமும் உங்கள் கட்டிலருகே இருப்பது அந்த ஏடு ஒன்றே. அதில் இல்லாத செய்தி, நள்ளிரவில் எவருக்கும் தெரியாத செய்தி.

மற்றொரு பாடமும் இதில் உண்டு. காலியான கட்டமும் 'ஒவ்வாமை இல்லை' என்று எழுதிய கட்டமும் ஒன்றல்ல. காலியான கட்டம், எவரும் கேட்கவில்லை என்பதற்கும் இடம் தருகிறது. ஆகவே ஒவ்வாமை இல்லாவிட்டாலும், கேட்டறிந்து 'இல்லை' என்று எழுதுவதே முறை. கட்டம் காலியாக இருந்தால், ஊசியை எடுக்குமுன் நோயாளியை எழுப்பியேனும் கேட்டே ஆகவேண்டும். இன்று நாங்கள் ஒரே கேள்வியை மூன்று நான்கு முறை கேட்பதைக் கண்டு நீங்கள் சலித்துக்கொள்ளக்கூடும். நாங்கள் ஏன் கேட்கிறோம் என்பது இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

எழுத்து காத்த உயிர்கள்

தவறிய எழுத்தைப் பற்றிச் சொன்னோம். தவறாத எழுத்து என்ன செய்திருக்கிறது என்பதையும் சொல்வது கடமை.

உங்கள் பாட்டன் பூட்டன் காலத்தில் இந்நாட்டுத் தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சல் எத்தனை பேரைக் கொண்டுபோயிற்று என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1901-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்துக்கு மருத்துவராக வந்தவர் மால்கம் வாட்சன். சதுப்பு நிலத்தை வடிகட்டி, காட்டை அகற்றி, கொசு பெருகாமல் செய்தார். மருத்துவமனைப் பதிவேட்டில் நோயாளிகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்ததைக் கொண்டே தம் முறை சரியானது என்று அரசாங்கத்துக்கு எடுத்துக்காட்டினார். பின்னர் தோட்டந்தோட்டமாகச் சென்று, குழந்தைகளின் மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து எழுதினார். அந்தக் கணக்கை ஒப்பிட்டபோதுதான் ஓர் உண்மை வெளிப்பட்டது. சமதரைத் தோட்டங்களில் காட்டை வெட்டி வாய்க்கால் வெட்டினால் நோய் குறைந்தது. மலைச்சரிவுத் தோட்டங்களில் அது போதவில்லை. அங்கே தெளிந்த ஓடைநீரில் வளரும் வேறொரு கொசு நோயைப் பரப்பியது. எழுதிவைத்த கணக்கு இல்லாதிருந்தால், ஓர் இடத்து மருந்தையே எல்லா இடத்திலும் இட்டு, பலனின்றிப் பல உயிர்களை இழந்திருப்போம். அக்கணக்கில் இருந்தவர்கள் உங்கள் முன்னோரின் பிள்ளைகள்.

தாய்மார்களுக்கு நெருக்கமான இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. பிரசவ வலியெடுத்த பெண்ணின் அருகில் தாதியர் ஒரு வரைபடத் தாள் வைத்திருப்பார்கள். கருப்பைவாய் எவ்வளவு திறந்திருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது, குழந்தையின் இதயத்துடிப்பு எப்படி, தாயின் நாடி எப்படி என்பனவற்றை அதில் நேரப்படி குறிப்பார்கள். அத்தாளில் முன்கூட்டியே வரையப்பட்ட எச்சரிக்கைக் கோடு ஒன்று இருந்தது. பிரசவத்தின் முன்னேற்றம் அந்தக் கோட்டின் வலப்புறம் சாய்ந்தால், பிரசவம் தாமதமாகிறது என்று அறிந்து தாயைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்வார்கள். உலகச் சுகாதார நிறுவனம் இம்முறையை மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளில் 35,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் ஆராய்ந்து, முடிவை 1994-ஆம் ஆண்டு வெளியிட்டது. அளவுக்கு மீறி நீண்ட பிரசவங்கள் நூற்றுக்கு 6.4-லிருந்து 3.4-ஆகக் குறைந்தன. இறந்து பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையும் குறைந்தது. புதிய மருந்து எதனையும் கண்டுபிடித்து இதைச் சாதிக்கவில்லை. கண்டதை ஒரு தாளில் ஒழுங்காகக் குறித்து, அந்தத் தாள் சொன்னபடி நடந்ததனால் விளைந்த பயன் இது. 2020-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் அத்தாளைத் திருத்தி அமைத்தது. கோடுகள் மாறின; கண்டதை உடனே குறிக்க வேண்டும் என்ற விதி மாறவில்லை.

கருவுற்ற தாய்மாருக்குச் சுகாதார நிலையத்தில் கொடுக்கப்படும் புத்தகமும் இத்தகையதே. அதில் ஒட்டப்படும் நிறங்களுக்குப் பொருளுண்டு. வெள்ளை என்றால் தாதியரின் கவனிப்புப் போதும். பச்சை என்றால் சுகாதார நிலைய மருத்துவர் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் மருத்துவமனையின் நிபுணர் போன்றோரிடம் அனுப்பப்பட வேண்டும். சிவப்பு என்றால் தாமதமின்றி மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். நள்ளிரவில் வலியெடுத்து, அறிமுகமே இல்லாத மருத்துவமனைக்குப் போனாலும், அந்தப் புத்தகம் கையில் இருந்தால் அங்குள்ளோர் உங்கள் ஒன்பது மாத வரலாற்றை ஒரு நிமிடத்தில் அறிந்துகொள்வார்கள். அதைப் பெட்டியின் அடியில் பத்திரப்படுத்தி வைக்காதீர்கள். வீட்டிலுள்ள அனைவருக்கும் தெரிந்த இடத்தில், எளிதில் எடுக்கும்படி வையுங்கள்.

உங்கள் பங்கு

மதிப்புக்குரியவர்களே! எங்கள் பேனாவுக்கு மை ஊற்றுவது உங்கள் வாய்தான். நீங்கள் மறைத்தால் எங்கள் ஏடும் பொய்யாகிவிடும். ஆகவே சில வேண்டுகோள்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, அடையாள அட்டையை மறவாமல் கொண்டு வாருங்கள். ஒரே வார்டில் இரண்டு மாரியம்மாக்களும் மூன்று முனியாண்டிகளும் இருந்த நாள்களை நாங்கள் கண்டிருக்கிறோம். மருந்து கொடுக்குமுன் சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் பார்ப்பது எங்கள் கடமை. "நீங்கள்தானே மாரியம்மா?" என்று கேட்டால், காது சரியாகக் கேளாத மூதாட்டி எதற்கும் தலையாட்டிவிடுவார். அதனால்தான் "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டு, கையில் கட்டிய பட்டையிலுள்ள எண்ணையும் பார்க்கிறோம். அந்தப் பட்டையை அவிழ்த்துவிடாதீர்கள்.

இரண்டாவது, உட்கொண்டதை உள்ளபடி சொல்லுங்கள். நாட்டு மருந்து சாப்பிட்டிருக்கலாம், பக்கத்து வீட்டாரின் சர்க்கரை நோய் மாத்திரையை விழுங்கியிருக்கலாம், மது அருந்தியிருக்கலாம். எங்கள் வேலை தீர்ப்புச் சொல்வதன்று. சாப்பிடும் மாத்திரைகளின் உறைகளை ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டு வந்தால், பெயர் தெரியாவிட்டாலும் கவலையில்லை. களைக்கொல்லி கண்ணிலோ வாயிலோ பட்டு வருவோர், அதன் பெயரைத் தெரிந்துகொண்டு வரவேண்டும். முடிந்தால் புட்டியிலுள்ள தாளின் விவரத்தை எழுதியோ படமெடுத்தோ கொண்டு வரலாம். பாராகுவாட் என்னும் களைக்கொல்லி இந்நாட்டில் 2020-ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. எனினும் எங்கேனும் பழைய புட்டி கிடந்து அது உடலில் பட்டிருந்தால், அச்சத்தினால் பெயரை மறைக்காதீர்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் எந்தச் சிகிச்சை என்று முடிவு செய்ய முடியும்.

மூன்றாவது, வேலையில் காயம் நேர்ந்தால், எங்கே, எப்போது, எப்படி நேர்ந்தது என்பதை முதன்முதலில் பதிவு செய்யும்போதே தெளிவாகச் சொல்லுங்கள். 1969-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வேலையில் நேரும் விபத்துக்கும், வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்துக்கும் சொக்சோ இழப்பீடு பெற வழியுண்டு. விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் பொறுப்பு. வெட்டுக்காட்டில் சறுக்கி விழுந்தவர், "வீணாக எதற்குத் தொல்லை?" என்று எண்ணி, "வீட்டில் விழுந்துவிட்டேன்" என்று சொல்கிறார். தாதி அப்படியே எழுதுகிறார். மூன்று மாதம் கழித்துக் கால் சரியாகாமல் இழப்பீடு கேட்கும்போது, அந்த ஒரு வரியே அவருக்கு எதிராக நிற்கிறது. பின்னால் வந்து மாற்றச் சொன்னால் நாங்கள் மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. ஏட்டில் தவறு நேர்ந்தால், முன்னே எழுதியது தெரியும்படி ஒரே கோடு இழுத்து, திருத்தி, நாளும் நேரமும் இட்டுக் கையொப்பமிடுவதே விதி. சுரண்டி அழித்த ஏட்டை எவரும் நம்பமாட்டார்கள்.

உங்களோடு வேலை செய்யும் அயல்நாட்டுத் தோழர்களையும் இங்கே நினைவூட்டுகிறோம். மொழி தெரியாமல் தலையசைத்துக்கொண்டு நிற்பவர்களின் ஏடுதான் பெரும்பாலும் குறையுள்ள ஏடாக அமைகிறது. அவர்களது மொழியை ஓரளவு அறிந்தவர் உடன் வந்தால், அது ஓர் உயிரைக் காக்கும் உதவியாகும்.

நான்காவதாக, உங்கள் உரிமை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். நீங்கள் சொல்வதும் நாங்கள் எழுதுவதும் உங்கள் சிகிச்சைக்காகவே. அது அடுத்த கட்டில்காரருக்கோ, ஊராருக்கோ சொல்வதற்குரிய கதையன்று. அந்த மறைவைக் காப்பது எங்கள் தொழிலின் கட்டுப்பாடு. அதேபோல, அறுவைச் சிகிச்சைக்கு இணங்குவதாகக் கையொப்பமோ கைநாட்டோ கேட்கும்போது, தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று விளங்கும்வரை கேளுங்கள். விளங்காத தாளில் கைநாட்டு வைக்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

கணினி வந்த பின்னர்

இன்று பல இடங்களில் தாளுக்குப் பதிலாகக் கணினி வந்துவிட்டது. 1999-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட செலாயாங் மருத்துவமனை, தாளில்லாமல் கணினியிலேயே பதிவு செய்யும் முறையை இந்நாட்டில் முன்னின்று தொடங்கியது. கணினியில் எழுத்துத் தெளிவாக இருக்கிறது; தாள் தொலைவதில்லை. ஆயினும் தாதி கேட்காததைக் கணினி கேட்டுக்கொள்ளாது. நோயாளி சொல்லாததைக் கணினி அறிந்துகொள்ளாது. காலியான கட்டம் தாளிலும் உண்டு; திரையிலும் உண்டு.

ஆகவே, நாங்கள் இங்கிருந்து புறப்படுமுன் உங்களிடம் ஒன்றே ஒன்றை வேண்டிக்கொள்கிறோம். உங்கள் உடலைப் பற்றியோ, உங்கள் குழந்தையைப் பற்றியோ, வயதான பெற்றோரைப் பற்றியோ முக்கியமான ஒரு செய்தியைத் தாதியிடம் சொன்னால், சொன்னதோடு திரும்பிவிடாதீர்கள். "எழுதிவிட்டீர்களா, மிஸ்ஸி?" என்று கேளுங்கள். மரியாதைக் குறைவு என்று தயங்க வேண்டாம். பால் நிறுக்கும் இடத்தில் எண் ஏறும்வரை நிற்கிறீர்களே, அதே உரிமையோடும் அதே பொறுமையோடும் மருத்துவமனையிலும் நில்லுங்கள். நல்ல தாதி எவரும் அதற்காகக் கோபித்துக்கொள்ளமாட்டார். கை வேலையாக இருந்து எங்களுள் ஒருவர் மறக்கவிருந்ததை உங்கள் கேள்வி நினைவூட்டினால், நாங்கள் உங்களுக்கு நன்றி சொல்லவே கடமைப்பட்டவர்கள்.

அன்று அந்தத் தொழிலாளியின் மனைவி, ஒரு நிமிடம் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் ஏட்டின் அந்தக் கட்டம் நிரம்பியிருக்கும். கேட்கலாம் என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. உங்களுக்கு நாங்கள் சொல்லிவிட்டோம்.